கூடாரம் வேண்டாம்... ஒரு பை போதும்! சைக்கிள் பயணத்துக்கு எந்த ‘பிவி பேக்’ சரி?

மார்கழி மாதம். காஞ்சிபுரத்தைத் தாண்டி உத்திரமேரூர் போகும் சாலையோரம் ஒரு தோப்பு. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சைக்கிளை மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு ஒருவர் தரையில் படுத்துத் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் இல்லை. தலை முதல் கால் வரை மூடிய நீளமான பை ஒன்றுதான் அவருக்குக் கூரை, சுவர் எல்லாம். இரவு முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால், விடிந்து ஜிப்பைத் திறந்தால் சட்டை ஈரம், போர்வை ஈரம். ‘மழையும் பனியும் உள்ளே வராது’ என்ற உத்தரவாதத்தை நம்பி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பை அது!

அந்த உத்தரவாதம் பொய்யில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அவரை நனைத்தது அவர் உடம்பிலிருந்தே வந்த தண்ணீர்.

வார இறுதியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பலருக்கும், ‘ஓர் இரவு வெளியிலேயே தங்கினால் என்ன?’ என்ற ஆசை வரும். அவர்கள் தேடிப் போகிற பொருள்தான் ‘பிவி பேக்’. ஆனால், இதைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொல்பவை. அவர்களின் பிரச்னை குளிரும் மழையும். நம் ஊர்ச் சமவெளியில் பிரச்னை வியர்வையும் கொசுவும். அதனால், அங்கே முதலிடம் பிடிக்கும் பை இங்கே கடைசி இடத்துக்குப் போய்விடலாம்.

அது என்ன பிவி பேக்?

கூடாரம் போடாமல் திறந்தவெளியில் இரவைக் கழிப்பதை ராணுவத்தினரும் மலையேறுபவர்களும் ‘பிவாக்’ என்பார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் செல்லப் பெயர்தான் ‘பிவி’. தலையணைக்கு உறை இருப்பதுபோல, தூங்குகிற ஆளுக்கே ஓர் உறை. தூக்கப் பையை அல்லது போர்வையை இதற்குள் வைத்து, நாமும் நுழைந்துகொள்ள வேண்டியதுதான்.

சைக்கிள்காரர்களுக்கு இதன்மேல் ஏன் இவ்வளவு பிரியம்? முதல் காரணம் எடை. ஒருவர் தங்கும் கூடாரம் பொதுவாக ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கம்பிகளும் முளைகளும் தனி. பிவி பேக் பெரும்பாலும் 150 கிராமிலிருந்து 900 கிராமுக்குள் முடிந்துவிடும். சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான், ஹேண்டில்பாரில் கட்டிவிடலாம். இரண்டாவது காரணம் நேரம். இருட்டிய பிறகு, களைத்துப்போன கைகளால் கூடாரம் கட்டத் தேவையில்லை. விரித்துப் படுக்க இரண்டு நிமிடம் போதும்.

இந்த எண்ணம் சைக்கிள் பயணத்தின் வயதுடையது. 1884-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, முன்சக்கரம் பெரிதாக உள்ள பழைய காலத்துச் சைக்கிளில் உலகைச் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். 1886-ல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டிலும் மிதித்தார். அவர் எடுத்துவந்த மூட்டையில் மாற்றுச் சட்டை, காலுறைகளோடு ஒரு மழைக்கோட்டும் இருந்தது. அதுவே அவருக்குக் கூடாரம், அதுவே படுக்கை.

இன்றைக்கு நெடுந்தூர ‘பிரெவே’ ஓட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்றால் சுமார் 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். இதில் தூக்கம் என்பது சாலையோரத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே. கூடாரத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இட்லிப் பானை சொல்லும் பாடம்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த ஈரத்தின் கணக்கைப் புரியவைப்பது சுலபம். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லியை மூங்கில் குடலையில், மந்தாரை இலை வைத்து வேகவைப்பார்கள். மூங்கில் பின்னலின் இடைவெளியில் ஆவி போய்வரும். ஆனால், வீட்டு இட்லிப் பானையின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆவிக்கு வெளியேற வழியில்லாததால், மூடியில் பட்டுத் திரும்ப நீராகிவிட்டது.

தூங்கும்போது நாமும் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். வியர்த்துக் கொட்டாவிட்டாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. புழுக்கமான இரவில் வியர்வையும் இதோடு சேரும். பை அதை வெளியே விட்டால் குடலை, விடாவிட்டால் இட்லிப் பானை.

‘அதற்குத்தான் கோர்-டெக்ஸ் இருக்கிறதே!’ என்று கேட்கலாம். 1969-ல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டுபிடித்த நுண்துளைப் படலம் அதன் அடிப்படை. மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறக்கூடிய துளைகள். கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால், ஆவி தானாக வெளியே ஓடாது. உள்ளே ஆவியின் அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். 5 டிகிரி குளிரில் வெளிக்காற்றில் ஈரப்பதத்துக்கு இடமே குறைவு, அதனால் உள்ளேயிருக்கும் ஆவி வேகமாக வெளியே தள்ளப்படும். 27 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் காஞ்சிபுரத்து இரவில் அந்தத் தள்ளுவிசை பாதிகூட இருக்காது. படலம் பழுதில்லை. அது வேலை செய்வதற்கான சூழல்தான் இங்கே இல்லை.

பனியும் இதில் சேர்ந்துகொள்ளும். மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவில் தரையும் துணியும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது பையின் மேல்பக்கம் வெளியே பனித்துளி, உள்ளே ஆவித்துளி. ஈரம் படுத்தும் பாடு இந்த ஊருக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறினாலோ, பாவு நமுத்துப்போனாலோ நெசவாளர் தறியை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

நெசவாளர் கண்ணோடு லேபிளைப் படியுங்கள்

பிவி பேக்கின் லேபிளில் 20D, 40D, 70D என்று போட்டிருக்கும். பலரும் தாண்டிப் போகும் இந்த எழுத்து, பட்டு நூல் வாங்கி விற்கிறவர்களுக்குப் பழகியதுதான். ‘D’ என்றால் டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ, அதுதான் அதன் டெனியர். ஒன்பது கிலோமீட்டர் நூல் வெறும் 20 கிராம் இருந்தால் அது 20 டெனியர். முறுக்குவதற்கு முந்தைய கச்சாப் பட்டு இழை பெரும்பாலும் 20/22 டெனியர் கணக்கில்தான் வரும்.

பையின் மேல்துணி 10 முதல் 30 டெனியர் இருந்தால் இலேசு. அடித்துணி முள்ளிலும் சரளையிலும் உரசுவதால் 40 முதல் 70 டெனியர் நல்லது. ‘ரிப்ஸ்டாப்’ என்று எழுதியிருந்தால், இடையிடையே தடித்த இழை விட்டுக் கட்டம் கட்டமாக நெய்த துணி என்று அர்த்தம். கட்டம் போட்ட புடவைபோலத் தெரியும். ஓர் இடத்தில் கிழிந்தால், அடுத்த கட்டத்தின் தடித்த இழையில் கிழிசல் நின்றுவிடும்.

அடுத்து இரண்டு எண்கள். மில்லிமீட்டரில் இருப்பது, துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது. மேல்பக்கத்துக்கு 1,500 மி.மீ. போதும். அடிப்பக்கம் முழங்கையும் இடுப்பும் ஈரத் தரையில் அழுந்துகிற இடம், 3,000-க்குக் குறையாமல் இருக்கட்டும். கிராமில் இருப்பது, ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் எவ்வளவு ஆவியை வெளியே விடும் என்பது. இது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஆனால், ஆய்வகச் சூழலில் எடுத்த எண் அது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

நான்கு வகை... நமக்கு எது?

1. அவசரகால ஃபாயில் பை: பளபளவென்று வெள்ளித்தாள்போல இருக்கும். எடை 100 – 150 கிராம், விலையும் மற்றவற்றைவிட மிகக் குறைவு. உடல் சூட்டை உள்ளேயே திருப்பியனுப்பும். ஆவி வெளியேற வழியே கிடையாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் சைக்கிள் பழுதாகி மாட்டிக்கொண்டால் உயிர் காக்கும். காஞ்சிபுரத்தில் இதற்குள் படுத்தால், காலையில் நீங்களே இட்லி!

2. முழுக்க நீர்புகாத, ஆவி விடும் படலம் வைத்த பை: 400 முதல் 900 கிராம். ராணுவத்தினர் பயன்படுத்தும் ரகம் இது. விலை அதிகம். இமயமலைப் பயணம், ஐரோப்பியப் பயணம், மலைப்பகுதிக் குளிர் இவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். சமவெளிக்கு மட்டும் என்றால் தேவையில்லாத செலவு.

3. அடி நீர்புகாத துணி, மேலே காற்றாடும் மெல்லிய துணி, முகத்துக்கு வலை: 150 முதல் 300 கிராம். பனியைத் தாங்கும், தூறலை ஓரளவு தாங்கும், பெருமழையைத் தாங்காது. அதனால் மேலே கட்ட 300 கிராம் அளவில் ஒரு சிறிய தார்ப்பாய் வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் கூடாரத்தைவிட எடை குறைவு. தார்ப்பாய்க்கும் பைக்கும் நடுவில் காற்று ஓடுவதால் ஈரம் தங்காது. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இதுதான் பொருத்தம். வலை முகத்தோடு நிற்காமல் மார்பு வரை, முடிந்தால் இடுப்பு வரை இருந்தால் இன்னும் நல்லது.

4. தலைப்பக்கம் வளைகம்பி வைத்த பை: 700 கிராமிலிருந்து ஒரு கிலோவைத் தாண்டும். முகத்தில் துணி படாது, படுத்தபடி புத்தகம் படிக்கலாம். ஆனால், இந்த எடைக்கு இலேசான கூடாரமே கிடைக்கிறதே? யோசித்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த பிவி பேக்கும் சுகமில்லை. மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதுபோல உணர்கிறவர்களுக்கும், இருவராகப் பயணிக்கிறவர்களுக்கும் கூடாரம்தான் சரி.

வலை வெறும் கொசுவுக்கு மட்டுமல்ல

நம் ஊரில் தரையில் படுக்கிறவர் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: கட்டுவிரியன்.

இரவில்தான் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது இதன் வழக்கம். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்று வரும்போதுதான் விபரீதம் புரியும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதற்கான பாதுகாப்பு எளிமையானது. கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகித் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி ஆபத்து குறைகிறது என்று தென்கிழக்கு நேபாளத்தில் நடந்து, 2007-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நான்கு பக்கமும் தைத்து, ஜிப் முழுக்க மூடும் பிவி பேக்கும் அதே வேலையைச் செய்யும். ஆகவே, எடை குறைகிறதே என்று வலையோ ஜிப்போ இல்லாத திறந்த வாய்ப் பையை வாங்காதீர்கள். 50 கிராம் மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

வலையின் கண்ணும் முக்கியம். நல்ல கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் இருக்கும். வயல்வெளி, ஏரிக்கரைப் பக்கம் தங்குவதென்றால் அதைவிட நெருக்கமான வலை நல்லது. வலை தோலில் ஒட்டியிருந்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும். தொப்பி வைத்துப் படுத்தால் முகத்துக்கும் வலைக்கும் இடைவெளி கிடைக்கும்.

ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பது, 1978-ல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் செயல்படும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். நாடு முழுக்கப் போகும் மருந்துக்கு நம் பக்கத்து மண்ணின் மனிதர்கள்தான் கைகொடுக்கிறார்கள்.

எங்கே விரிக்கலாம்... எங்கே கூடாது?

பயணத்தில் கிடைத்த இடத்தில் தலைசாய்ப்பது காஞ்சிபுரத்துக்குப் பழகிய காட்சி. 2019-ல் அத்தி வரதர் தரிசனம் நடந்த 48 நாள்களில் வந்து குவிந்த பக்தர்களில் எத்தனையோ பேருக்கு விரித்த துண்டே படுக்கை. ஆனால், திருவிழாக் கூட்டத்தில் படுப்பது வேறு, தனியாளாகப் படுப்பது வேறு.

செவிலிமேடு பாலத்தைக் கடக்கும்போது பாலாற்று மணல் ஆசை காட்டும். மெத்தைபோல இருக்கும்தான். அங்கே மட்டும் படுக்கவே படுக்காதீர்கள். காஞ்சிபுரத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே வேலூர், ஆந்திரப் பக்கம் பெய்த மழை இரவோடிரவாக இறங்கிவரலாம். 2021 நவம்பரில் வறண்டு கிடந்த இதே ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டது.

வைக்கோல் போர், கற்குவியல், புதர், வரப்பு ஆகியவற்றின் ஓரம் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். வெட்டவெளியான, பெருக்கிய தரை நல்லது. சிமென்ட் திண்ணை அதைவிட நல்லது. பள்ளத்தில் படுத்தால் பனியும் ஈரமும் அதிகம், கொஞ்சம் மேடான, காற்றோட்டமுள்ள இடத்தைப் பாருங்கள். நிலத்துக்காரரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டுப் படுங்கள். வனப்பகுதியிலும், வேடந்தாங்கல் போன்ற சரணாலயத்திலும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் வளாகத்திலும் இஷ்டப்படி தங்கக் கூடாது. எங்கே படுத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டுக்கு லொகேஷன் அனுப்பிவிடுங்கள். காலையில் ஷூவையும் ஹெல்மெட்டையும் உதறிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள், தேள் இருக்கலாம்.

பைக்குள் என்ன போடுவது?

குளிர்நாட்டுக்காரர்கள் உள்ளே தடித்த தூக்கப் பை வைப்பார்கள். நமக்கு அது வேண்டாம். மெல்லிய பட்டில் தைத்த உள்ளுறை 150 கிராமுக்குள் முடியும், உடம்பில் ஒட்டாது, சீக்கிரம் காயும். அதைவிடச் சிக்கனம், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டி அல்லது அம்மாவின் நூல் புடவை. புழுக்கமான இரவில் அதைவிட இதமானது எதுவுமில்லை. கீழே ஒரு ஃபோம் விரிப்பு போதும்.

தையல் தெரிந்தவர்கள் மூன்றாவது வகைப் பையை வீட்டிலேயே தைக்கலாம். நீளம், உங்கள் உயரத்தைவிட 35 – 40 செ.மீ. அதிகம் இருக்கட்டும். தோள் பக்கம் மடித்துப்போட்ட அகலம் 75 – 80 செ.மீ., கால் பக்கம் 55 – 60 செ.மீ. ஊசித் துளை வழியாகத்தான் தண்ணீர் முதலில் ஏறும். அதனால் அடித்துணியின் ஓரத்தை ஒரு சாண் மேலே மடக்கி ஏற்றி, தையல் தரையில் படாதபடி தைக்க வேண்டும்.

வாங்கும்முன் ஐந்து கேள்விகள்

* எந்த மாதத்தில், எந்த ஊரில் அதிகம் பயன்படுத்தப்போகிறேன்? சமவெளியா, மலையா?
* வலை இருக்கிறதா? ஜிப் முழுக்க மூடுகிறதா? உள்ளிருந்தே திறக்க முடிகிறதா?
* உள்ளே படுத்துப் புரண்டு படுக்க இடம் இருக்கிறதா?
* அடித்துணியின் தையல்மேல் நீர்புகாத டேப் ஒட்டியிருக்கிறதா?
* தார்ப்பாயையும் சேர்த்தால் மொத்த எடை எவ்வளவு? அதே எடைக்குக் கூடாரம் கிடைக்கிறதா?

வாங்கி வந்த பையை ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் உள்பக்கத்தை வெளியே புரட்டி நிழலில் உலர்த்துங்கள்.

முதல் இரவையே பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கழிக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு மொட்டை மாடி போதும். ராத்திரி பத்து மணிக்கு பிவி பேக்கை விரித்து, வலையை மூடிப் படுங்கள். காலையில் எழுந்ததும் பையின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனையாவிட்டால் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பலாம். நனைந்தால், ஜிப்பை இன்னும் கொஞ்சம் திறந்து, வலையை மட்டும் மூடி மறுநாளும் படுத்துப் பாருங்கள். அப்படியும் நனைகிறதா? கடையில் மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்க, வீடு பக்கத்தில்தானே இருக்கிறது!